நீ தேடிக் கொடுத்த மருந்தும் உன் நைனாவின் மயக்கமும்

ராசா,

நம் வீட்டில் போனில் பேசுகிற பேச்சு எதுவும் இரண்டு பேருக்குள் நிற்காது என்று உனக்கே தெரியும். முன்னறையில் பேசினால் சமையல் கட்டில் கேட்கும், சமையல் கட்டில் பேசினால் மாடிப்படியில் கேட்கும். அதனால்தான் எழுதுகிறேன். முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன். வேலை முடிந்து அறைக்கு வந்த பிறகு படி, கப்பல் தளத்தில் நின்றுகொண்டு படிக்காதே. முதலிலேயே விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், உன்னை இழுத்தடிக்க எனக்கு மனமில்லை. நீ இத்தனை மாதம் தேடிக் கண்டுபிடித்த அந்தப் புது மருந்து ஆராய்ச்சியில் உன் நைனாவைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அதற்குக் காரணம் நான். 'இன்னும் ஒன்றும் சொல்லவில்லை' என்று நேற்றும் முந்தாநாளும் உனக்கு மெசேஜ் போட்டேனே, அது பொய். போன செவ்வாய்க்கிழமையே சொல்லிவிட்டார்கள்.

கோபப்படு, பரவாயில்லை. ஆனால் முழுசாகப் படித்துவிட்டுக் கோபப்படு. உன் நைனா காலையில் வெளியே போனவர் இன்னும் வரவில்லை. கைத்தடியை எடுக்காமல் போயிருக்கிறார், போனும் சார்ஜரில்தான் கிடக்கிறது. செவ்வாயிலிருந்து என்னோடு பேச்சு கிடையாது. பசித்தால் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்காருகிறார், நான் பரிமாறுகிறேன். இப்போதும் இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்து தெருமுனை வரை போகிறேன், நெடுஞ்சாலையில் வரிசையாக நிற்கிற கன்டெய்னர் லாரிகளின் இடுக்கில் அவர் தலை தெரிகிறதா என்று பார்க்கிறேன், திரும்பி வந்து உட்காருகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் அதுதான் காரணம், எனக்குக் கண் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்த ஊசி இனி கேட்காது என்று நம் டாக்டர் சொன்ன நாளிலிருந்து நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். முதல் வருஷம் அந்த ஊசியிலேயே, இரத்தத்தில் நோயைக் காட்டுகிற அந்த பி.எஸ்.ஏ. அளவு சரசரவென்று இறங்கியது. இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு உன் நைனா தெருவுக்கே லட்டு வாங்கிக் கொடுத்தார். அப்புறம் அது மெல்ல ஏற ஆரம்பித்தது. புற்றுநோய் புராஸ்டேட்டோடு நிற்கவில்லை, இடுப்பெலும்பிலும் முதுகெலும்பிலும் புள்ளி தெரிகிறது என்று ஸ்கேன் பார்த்தவர் சொன்னார். நீ சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு, மருந்து ஆராய்ச்சிகளை நம் அரசாங்கம் பதிவு செய்து வைத்திருக்கிற இணையப் பக்கத்தைத் தோண்ட ஆரம்பித்தாய். வரிசையாக வருகிறது அம்மா, ஆனால் பாதி முடிந்துபோனது, மீதி வேறு ஊரில் என்று அலுத்துக்கொண்டாய். ஒன்று கீமோ எடுக்காதவருக்கு மட்டும், இன்னொன்று கீமோ எடுத்து முடித்தவருக்கு மட்டும், வேறொன்று ஏதோ ஒரு மரபணுக் கோளாறு இருப்பவருக்கு மட்டும். ஒரு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கும், இன்னொன்றில் எடுத்தவர் அந்த டாக்டர் போய்விட்டார் என்பார். கடைசியில் நம் ஊரிலேயே, இன்னும் ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிற ஒன்று கிடைத்தபோது நீ போனில் கத்திய கத்தலைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்துவிட்டாள். உனக்குப் பெண் அமைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாளாம்.

உன் நைனா முதலில் பிகு பண்ணினார். "எலிக்கு குடுக்கறத எனக்கு குடுப்பானுங்களா?" என்று கேட்டார். நீ பொறுமையாகச் சொன்னாய். கம்ப்யூட்டர் இரண்டு கூட்டமாகப் பிரிக்கும், ஒரு கூட்டத்துக்கு வழக்கமான வைத்தியத்தோடு புது மாத்திரையும் கொடுப்பார்கள், மற்றக் கூட்டத்துக்கு வழக்கமான வைத்தியம் மட்டும், யாரையும் மருந்தில்லாமல் விடமாட்டார்கள், பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். பிறகு வீடியோவில் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து, யாரைச் சேர்க்கமாட்டார்கள் என்று அவர்கள் போட்டிருந்ததை ஒவ்வொன்றாகப் படித்தாய். மாரடைப்பு வந்திருக்கிறதா, ஈரலில் கோளாறா, போன ஒரு வருஷத்தில் காரணம் தெரியாமல் மயக்கம், வலிப்பு ஏதாவது உண்டா. அந்தக் கேள்வி வந்ததும் நான் உன் நைனாவைப் பார்த்தேன். அவர் உன் கண்ணில் படாத பக்கம் கையைத் தாழ்த்தி, வேண்டாம் என்று ஆட்டினார். "அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா," என்றேன் நான். நீயும் நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போய்விட்டாய்.

இருந்தது, ராசா. காலடிப்பேட்டை மார்க்கெட்டில் நான் நெத்திலிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன், பின்னால் தொப்பென்று சத்தம். திரும்பினால் கண் மேலே சொருகிக் கிடக்கிறார், இடது கை வெட்டி வெட்டி இழுக்கிறது. மீன்காரி பதறிப்போய் மீன் கழுவிய தண்ணீரையே எடுத்து முகத்தில் அடித்தாள். கண்ணைத் திறந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "வயுக்கிடுச்சுமே." வழுக்கி விழுந்தாராம். அத்தனை பேர் சுற்றி நிற்கிறார்கள், செருப்பைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு முன்னால் நடக்கிறார். அடுத்தது குளியலறையில். கதவைத் தள்ளித் திறந்து தூக்கி உட்காரவைத்தேன். "புள்ளைக்கு இத்த சொல்லாத. மெர்சலாயிடுவான். வேலய வுட்டு ஓடியாந்துடுவான்," என்று என் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினார். நானும் வாயை மூடிக்கொண்டேன். வெயில், சாப்பிடாமல் மாத்திரை போட்டது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

ஏன் இப்படி என்று நீ கேட்பாய். நீயும் பார்த்து வளர்ந்ததுதான். உன் நைனா துறைமுகக் கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டிய காலமெல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை மெடிக்கல் வரும். பிரஷர் ஏறியிருந்தால், கண் மங்கியிருந்தால், தலை சுற்றுகிறது என்று தெரியாத்தனமாக வாய்விட்டால், கிரேனிலிருந்து கீழே இறக்கிவிடுவார்கள். அப்புறம் ஓவர்டைமும் இல்லை, மரியாதையும் இல்லை. அதனால் மெடிக்கல் வருகிற வாரம் நம் வீட்டில் யாருக்கும் உப்பு கிடையாது. எல்லார் வீட்டிலும் அதேதான். முதலில் உள்ளே போய் வருகிறவர் கண் பரிசோதனைப் பலகையில் இருக்கிற எழுத்துகளை வரிசை மாறாமல் ஒப்பித்துவிடுவார், மற்றவர்கள் மனப்பாடம் செய்துகொண்டு போவார்கள். நீ ஒன்றாம் வகுப்பில் ஏ, பி, சி, டி சொல்லத் தெரியாமல் அந்தப் பலகையின் கடைசி வரியைக் கடகடவென்று சொன்னதற்கு உன் டீச்சர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தது ஞாபகம் இருக்கிறதா? நான் சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் நோவைச் சொல்லக் கூடாது என்பது எங்களுக்கு அப்படி ஊறிப்போன விஷயம். டாக்டர் என்றால் கம்பெனி ஆள், கேள்வி என்றால் கண்ணி. உன் நைனாவோடு கிரேன் ஓட்டிய ஒருவர் வலிப்பு வந்து கீழே இறக்கப்பட்டு, யார்டு வாசலில் வண்டி நம்பர் பார்த்து அனுப்புகிற வேலையில் நின்றார். உன் நைனா கேபினிலிருந்து அவர் தலையைப் பார்க்கும்போதெல்லாம் அடுத்தது தானோ என்று தோன்றும் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை அவர் கிளம்பிய அழகை நீ பார்த்திருக்க வேண்டும். முதல்நாளே தலைக்கு டை அடித்தாயிற்று. முகத்தை மழமழவென்று மழித்து, இஸ்திரி போட்ட சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டு, சென்ட் வேறு. "பொண்ணு பாக்கவா போறோம்?" என்றேன். "கம்முனு வாமே," என்றார். கைத்தடியை வேண்டாம் என்று கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டார். ஆஸ்பத்திரியில் லிப்ட் இருக்கிறது, இவர் படியில் ஏறுகிறார், ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரில் ஒட்டியிருக்கிற நோட்டீசைப் படிப்பது மாதிரி நின்று மூச்சு வாங்குகிறார். மேலே ஒரு பெண் பிள்ளை எங்களை உட்காரவைத்துத் தமிழில் அச்சடித்த தாள்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள். உங்களுக்கு என்ன தோன்றினாலும் கேளுங்கள், அய்யா, அவசரமில்லை, வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டும் வரலாம் என்று எவ்வளவோ சொன்னாள். இவர் எதற்கும் கேள்வி கேட்கவில்லை. சம்மதம் சொல்வதைக் கேமராவில் பதிவு செய்தார்கள். அதற்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்.

பிறகு டாக்டர் கூப்பிடும் வரை வெளியே காத்திருந்தோம். அங்கே வியாசர்பாடியிலிருந்து ஒருவர் தன் மகளோடு வந்திருந்தார். இவர் வயதுதான் இருக்கும். வேட்டிக்குக் கீழே மூத்திரப் பை, முகமெல்லாம் வாடிக் கிடந்தது. அவரும் இதே ஆராய்ச்சிக்குத்தான் வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் உன் நைனாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து பாடம் நடத்த ஆரம்பித்தார். "அண்ணாத்த, நேரா குந்து. நோவு கீதான்னு கேப்பாங்க, இல்லன்னு சொல்லு. ராத்திரி எத்தினி தபா எய்ந்திரிக்கிறன்னு கேப்பாங்க, ஒரு தபான்னு சொல்லு. உள்ளத சொன்னா கெடாசிடுவானுங்க." அந்த மனிதர் இவரையே பார்த்தார். "நான் போன வாரம் வந்தப்பவே எல்லாத்தையும் சொல்ட்டனேப்பா," என்றார். "எலும்பு நோவு, ரத்தம் போறது, எல்லாத்தையும் சொல்ட்டேன். இப்ப இன்னா பண்றது?" மகளைப் பார்த்து, "நானே கெடுத்துகினனா கண்ணு?" என்று கேட்டார். உன் நைனா, "வுடு, அடுத்த தபா உசாரா இரு," என்று அவர் தோளைத் தட்டுகிறார்.

அந்த இடத்தில் எனக்குத் தாங்கவில்லை, ராசா. இவர் தன்னை ஏமாற்றிக்கொள்வதைக் கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். உள்ளதைச் சொன்ன ஒரு நோயாளியை, சொன்னதற்காகப் பயந்து நடுங்க வைத்துவிட்டாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மேல் வந்த கோபத்தில் பாதி என் மேல்தான். உப்பில்லாமல் சமைத்துப் போட்டவள் நான்தானே.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் சின்ன வயசுப் பெண், உன்னைவிட இரண்டொரு வயது கூட இருக்கலாம். ஒவ்வொன்றாகக் கேட்டாள், உன் நைனா இல்லை, இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே போனார். மயக்கம், வலிப்பு என்று கேட்டாள். "எனக்கா? அதெல்லாம் கெடையாது டாக்டரம்மா. சோக்கா கீறேன்," என்றார். நான் எழுந்து நின்றுவிட்டேன். "டாக்டர், அவர் சொல்றது உண்மையில்ல. ரெண்டு தடவ மயங்கி விழுந்தார். மார்க்கெட்ல விழுந்தப்ப கை இழுத்துச்சு. எங்க பையனுக்கும் தெரியாது, நான்தான் மறைச்சேன்," என்றேன். உன் நைனா என்னைப் பார்த்த பார்வையைக் கல்யாணமான நாளிலிருந்து நான் பார்த்ததில்லை. "பொய்யி டாக்டரம்மா. வெய்யில்ல ஒருக்கா வயுக்கிச்சு. இவ பயந்தவ, எதுனா உளறுவா," என்றார்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "அய்யா, இது வேலைக்கு எடுக்குற மெடிக்கல் இல்ல," என்று ஆரம்பித்தாள். அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு ஆச்சரியம். இந்தப் பக்கத்து ஆட்கள் நிறையப் பேரை அவள் பார்த்திருக்க வேண்டும். "இந்தப் புது மாத்திரை சிலருக்கு வலிப்பைக் கிளப்பிவிடும்னு எங்களுக்குத் தெரியும். அதனாலதான் அந்தக் கேள்வியே வெச்சிருக்கோம். நீங்க மறைச்சு உள்ள வந்திருந்தா, மாத்திரையப் போட்டுட்டு ஒருநாள் ரோடு தாண்டும்போது விழுந்திருப்பீங்க. அப்ப நாங்க மருந்தால வந்ததா, நோயால வந்ததான்னு தெரியாம முழிச்சிருப்போம். உங்களுக்கும் கேடு, உங்களுக்கு அப்புறம் இந்த மருந்துக்குக் காத்துக்கிட்டு இருக்கறவங்களுக்கும் கேடு." உன் நைனா, அப்படியென்றால் என்னை எடுக்கமாட்டீர்களா என்று மட்டும் கேட்டார். இதில் முடியாது அய்யா என்றாள். இவர் எழுந்து கும்பிடு போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். மெட்ரோவில் நான் உட்கார்ந்த பெட்டியில்கூட ஏறவில்லை, பக்கத்துப் பெட்டியில் போய் நின்றுகொண்டு வந்தார்.

டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னதை உனக்குச் சொல்ல வேண்டும், கவனமாகப் படி. முதலில் மயக்கம் ஏன் வருகிறது என்று பார்க்கணுமாம், தலைக்கு ஸ்கேனும் இதயத்துக்கு ஒரு பரிசோதனையும் எழுதிக் கொடுத்திருக்கிறாள். இந்த ஆராய்ச்சி இல்லையென்றால் கதை முடிந்தது என்று அர்த்தமில்லையாம். கீமோ இருக்கிறது, நம் டாக்டரோடு அவளே பேசுகிறாளாம். வேறு வகை மருந்தைச் சோதிக்கிற இடங்களும் உண்டு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு காரணத்துக்காக ஆளைத் தள்ளும், மயக்கம் வந்தவரை எல்லாரும் தள்ளமாட்டார்கள் என்றாள். "பையன் தேடறது நல்லதுதான். சரியான விவரத்தக் கையில வெச்சுக்கிட்டுத் தேடச் சொல்லுங்க," என்றாள். இதையெல்லாம் உன் நைனாவிடம் சொல்லப் போனேன், டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. சரியாகத்தான் செய்தேன் என்று பகலில் நினைக்கிறேன், கொஞ்ச நேரத்தில் மனசு மாறிவிடுகிறது. அவருக்குப் பிழைக்க இருந்த ஒரு வழியை என் வாயாலேயே அடைத்துவிட்டேனோ என்று தோன்றுகிறது. அந்த மாத்திரை அவருக்கு நன்றாகக் கேட்டிருந்தால்? வலிப்பு வராமலே போயிருந்தால்? இதற்கு உன்னிடம் பதில் இருக்காது, அந்த டாக்டரிடமும் இருக்காது. நீயாவது என்னைத் திட்டிவிடு, யாரும் திட்டாமல் இருப்பது இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

நீயும் அவர் பிள்ளைதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் வெல்டிங் பட்டு உன் கை வெந்தபோது ஒரு மாதம் முழுக்க அந்தக் கையைப் போன் பக்கமே காட்டாமல் பேசினாயே, எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? பல் துலக்குவதிலிருந்து இடது கையாலேயே செய்துகொண்டிருந்தாய். நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை, நம் வீட்டு வழக்கமே அதுதான். இனி அது வேண்டாம். அப்பாவுக்கு இந்த நோய் இருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு கூட என்று டாக்டர் சொன்னாள். இப்போதே பதற வேண்டாமாம், ஆனால் நாற்பதை நெருங்கும்போது உன் டாக்டரிடம் அப்பாவுக்கு இருந்தது என்று சொல்லி, எப்போது பரிசோதிக்கலாம் என்று கேட்டுக்கொள். வெட்கப்படாதே. மூத்திரம் போவதில் கோளாறு என்றால் வாயைத் திறந்து சொல். நாளைக்கு உனக்கு ஒருத்தி வருவாள், அவளைச் சத்தியம் வாங்கி வாயடைக்காதே. அது எவ்வளவு பாரம் என்று எனக்குத்தான் தெரியும்.

இதோ, வந்துவிட்டார். கதவு சத்தம் கேட்டதும் எழுதிக்கொண்டிருந்ததை மறைக்கப் போனேன், அப்புறம் மறைக்கவில்லை. சட்டையெல்லாம் வியர்வையில் ஒட்டிக் கிடக்கிறது. தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். எங்கே போனீர்கள் என்று கேட்டேன், பதில் வராது என்று நினைத்தேன். "வியாசர்பாடிக்கு," என்றார். அந்த மனிதரின் தெருப் பெயரை அன்றைக்கே கேட்டு வைத்திருந்தாராம். "பாவம்மே அந்தாளு. என் பேச்ச கேட்டு எத்தயாவது மறைச்சுகினாருன்னா? அதான், நான் சொன்னது தப்பு அண்ணாத்த, உள்ளத உள்ளபடியே சொல்லுன்னு சொல்ட்டு வந்தேன்." அவருக்கு இன்னும் பரிசோதனைகள் பாக்கி இருக்கின்றனவாம், சேர்ப்பார்களா என்று தெரியாதாம்.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார். "இன்னா எய்திகினு கீற?"

"உங்க புள்ளைக்கு."

"மார்க்கெட்ல வுயுந்தத எய்திட்டியா?"

"எழுதிட்டேன். பாத்ரூம்ல விழுந்ததையும் எழுதிட்டேன்."

"பஸ் ஸ்டாண்டாண்ட ஒருக்கா வுயுந்தேன். மொட்ட மாடில ஒருக்கா. அதெல்லாம் உனுக்கு தெரியாது," என்றார். நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். "எய்துமே," என்று அதட்டினார். அதனால் அவர் சொல்லச் சொல்ல, ஒரு எழுத்து மாற்றாமல் கீழே எழுதுகிறேன்.

காலைல எய்ந்தா இடுப்பெலும்பு கொடையுது. குந்தினா எய்ந்திரிக்க முடியல. ராத்திரி படுத்தா முதுவு நோவு, இவ தூங்கறான்னு பல்ல கடிச்சுகினு கெடக்கறேன். ஒண்ணுக்கு போவ சொல்ல எரியுது, நாலஞ்சு தபா எய்ந்திரிக்கிறேன். நோவு மாத்திரைய உங்கம்மாவுக்கு தெரியாம ரெண்டா போட்டுக்கறேன். சோறு எறங்கல. எனக்கு பயமா கீது. அத்தையும் எய்து. இப்ப தேடச் சொல்லு அவன.